கழுத்தை வளைப்பது எது? கும்மிடிப்பூண்டி லோக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

கழுத்து வலிக்குச் செல்பேசிதான் காரணம் என்று மருத்துவர்களும் மாமியார்களும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்த இரு தரப்பும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதாலேயே அந்தத் தீர்ப்பைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓடும் யூனிட் வண்டியைக் களமாகக் கொண்ட இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: கழுத்தை வளைப்பது செல்பேசி அல்ல, உட்கார இடம் கிடைப்பதே.

முதலில் முன்னோர் ஆய்வுகள். நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்குப் போட்டார். நிமிர்ந்த தலை கழுத்தின் மேல் ஏற்றும் பாரம் சுமார் 5 கிலோ. 15 பாகை குனிந்தால் 12, 30 பாகைக்கு 18, 45க்கு 22, 60க்கு 27 கிலோ. அரிசி மண்டிக்குப் போய்வரும் எவருக்கும் இதன் உட்பொருள் உடனே விளங்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு ஜிஎஸ்டி வந்ததும் நம் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கினார்கள் அல்லவா? அதன்படி 45 பாகை குனிபவர் வரி கட்ட வேண்டியவர், 60 பாகை குனிபவர் வரிவிலக்குப் பெற்றவர். பெரும்பாலோர் 60ஐத் தேர்வதன் பொருளாதாரக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டது கணினி மாதிரியை வைத்து. அந்த மாதிரிக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ரியோ டி ஜனேரோவில் 18 முதல் 21 வயதுக்குட்பட்ட 150 பேரிடம் கேட்டபோது, குனிந்து பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை வைத்து, இளைஞர்களின் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது என்று 2019இல் உலகமே அலறியது. அந்த ஆய்வு செல்பேசிப் பயன்பாட்டை அளக்கவே இல்லை. எழுதியவர்களில் ஒருவர் உடல் தோரணையைத் திருத்தும் தலையணை விற்பவர் என்பதும் வெளியே வந்தது, இதழும் திருத்தம் போட்டது. கொம்பு தொடர்பாக இவ்வளவு போதும்.

இனி களம். கூட்ட நேர வண்டியில் நிற்பவரைக் கவனிக்க. சாப்பாட்டு டப்பா இருக்கும் பை முதுகில் இல்லை, நெஞ்சில். ஒரு கை மேலே தொங்கும் பிடியில். மறு கையைக் கீழே இறக்க இடமில்லாததால் செல்பேசி முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல், சரியாகக் கண் மட்டத்தில் நிற்கிறது. கழுத்து பனைமரம் போல நேர். கட்டைவிரல் மட்டும் அசைகிறது. இருக்கைக்கு வருவோம். மூன்று பேர் உட்காரும் பலகையில் மூவரும் செல்பேசியை மடியில் வைத்து 60 பாகை கவிழ்ந்திருக்கிறார்கள். “கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணா” என்று வந்த நாலாமவர் அரை இடுப்பைப் பலகையிலும் ஒரு காலை நடைபாதையிலும் ஊன்றி, முறுக்கிய துணி போல உட்கார்ந்து அதே ரீல்ஸைப் பார்க்கிறார். மீஞ்சூரில் கூட்டம் இறங்கியதும் நின்றவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. பொன்னேரி வயலில் நெற்கதிர் தலைசாய ஒரு பருவம் வேண்டும். பெட்டிக்குள் ஒரு நிமிடம் போதும். ஆக, இந்தத் தடத்தில் கழுத்து வலி மீஞ்சூரில் தொடங்குகிறது.

செல்பேசி வருமுன் யார் குனிந்தார்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கம் போய்வரலாம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அந்த இடத்துக்கு, 2011இல் வெளியான ஆய்வு 15 லட்சம் ஆண்டுத் தொன்மை கணித்தது. அங்கே கிடைத்த கைக்கோடரி உள்ளங்கைக்கு அடங்குவது. அதைச் செதுக்க உட்கார்ந்து, மடியருகே வைத்துக் குனிந்துதான் ஆக வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தார் உள்ளங்கைப் பொருளை உற்றுப் பார்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல. அன்று சார்ஜ் போடும் தொல்லை மட்டும் கிடையாது.

இரண்டாவது ஆட்சேபம் அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் ஒரே மேசை முன் குனிந்து உதிரிபாகம் சரிபார்ப்பவருக்கு வரும் வலியை, வண்டியில் பார்த்த ஒரு மணி நேர ரீல்ஸின் கணக்கில் எழுதலாமா? எழுதத்தான் செய்கிறோம். கழுத்துத் தேய்மானம் என்று மருத்துவரிடம் போனால் முதல் கேள்வி “ஃபோன் எவ்வளவு நேரம் பார்க்குறீங்க?” என்பது, மேசை எவ்வளவு உயரம் என்று கேட்பவர் குறைவு. உண்மையில் கோணத்தைவிட அசையாமைதான் கழுத்துக்குப் பகை என்கிறார்கள் பிசியோதெரபி படித்தவர்கள். அரை மணிக்கொரு முறையாவது எழுந்து அசையச் சொல்கிறார்கள். இதுவும் நம் கொள்கைக்கே வலுச் சேர்க்கிறது: நிற்பவருக்குக் கொருக்குப்பேட்டையில் ஓர் இடி, திருவொற்றியூரில் ஒரு தள்ளு, எண்ணூரில் ஒரு முழுச் சுற்று என்று ரயில்வே அந்தச் சிகிச்சையை மாதப் பாஸுக்குள்ளேயே தந்துவிடுகிறது. உட்கார்ந்தவருக்கு அது கிடையாது. கை கால் முறிந்தால் திருத்தணி தாண்டிப் புத்தூர் கட்டுக்கு ஓடலாம், வளைந்த கழுத்துக்கு அங்கே கட்டும் இல்லை.

கும்மிடிப்பூண்டி என்ற பெயரே ‘கும்பிடு’விலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது; தலை கவிழ்வோர் ஊர் என்று அழகாகப் பொருந்தும். ஆதாரம் எதுவும் இல்லாததால், பல ஊர்ப்பெயர் ஆய்வுகளுக்குச் சமமான தகுதி இதற்கும் உண்டு. மாவட்டத் தலைநகரின் கதை நேர் எதிர். படுக்க எந்த இடம் என்று பெருமாள் கேட்ட ‘எவ்வுள்’தான் திருஎவ்வுள் ஆகித் திருவள்ளூர் ஆனது என்கிறது தலபுராணம். வைத்திய வீரராகவர் என்று பெயர் பெற்றவர் அங்கே கிடந்த கோலத்தில்தான் இருக்கிறார். படுத்தவரின் கழுத்தில் தலைப்பாரம் ஏறாது. படுத்தபடி செல்பேசி பார்த்தால் மூக்கில் விழுமே என்பார்கள். அவருக்கு அந்த ஆபத்தில்லை: வலக்கை சாலிஹோத்திர முனிவரின் தலைமேல், இடக்கை பிரம்மாவுக்கு உபதேசத்தில். நோய் தீர அவர் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். கழுத்து வலிக்காரரும் கரைக்கலாம்; படியில் குனியும்போது எப்படியும் 60 பாகை வந்துவிடும் என்பதால், சட்டைப்பையில் இருப்பதை முதலில் எடுத்துவிட வேண்டும்.