இறுக்குவாத நிராகரணம்

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாக்காரர்களுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும், காற்றை அழுத்தி ஊதும் சி-பேப் இயந்திரத்தைப் பற்றி நூல்கள் உண்டு. அதன் குழாய் முனையில் தொங்கும் மாஸ்க் விடியும்வரை முகத்தில் தங்குவது எங்ஙனம் என்னும் தத்துவச் சிக்கலைப் பற்றியோ நம் வாதநூல் மரபு இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறை தீர, சைவ சித்தாந்திகள் காட்டிய முறைப்படி பிறர் கோளாகிய பரபக்கம் கூறிப் பின் நம் கோளாகிய சுபக்கம் நிறுவுவோம். பரபக்கத்தார் இறுக்குவாதிகள், தொகையில் பெரும்பான்மையோர். "காற்றுக் கசிகிறது, ஆகவே மாஸ்க்கின் பட்டையை இழு" என்பதே அவர்களுடைய ஒரே சூத்திரம். மூக்குத்தண்டில் புண்ணும் கன்னத்தில் பட்டைத் தடமும் அவர்களுடைய சமயச் சின்னங்கள். நம் கோள் வேறு: மாஸ்க்கை முகத்தோடு பொருத்துவது காற்று, பட்டை அதற்கு எடுபிடி மட்டுமே.

முதலில் கணக்கு. இந்த இயந்திரங்கள் காற்றழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீரில் சொல்கின்றன. பொதுவாக 4 முதல் 20 வரை. ஒரு சென்டிமீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிராமாக அமரும் என்பது பள்ளிப் பாடம். அழுத்தம் 10 என்றும், மூக்கு மாஸ்க் மூடும் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அதை முகத்திலிருந்து தள்ளும் விசை 300 கிராம் எடைக்குச் சமம். இந்த 300 கிராமை வெல்லத்தான் இறுக்குவாதி பல்லைக் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் இழுக்கிறார். மாஸ்க்கின் விளிம்பைப் பிரித்துப் பார்த்தால் அவர் செய்யும் கேடு விளங்கும். பல மாஸ்க்குகளில் உள்ளே தடித்த தாங்கியும் வெளியே மெல்லிய சிலிக்கோன் மடிப்பும் இருக்கும். இயந்திரம் ஓடுகையில் காற்று அம்மடிப்பின் உட்புறம் புகுந்து அதை முகத்தோடு ஒட்டவைக்கிறது, குக்கரின் கேஸ்கட்டை உள்ளிருக்கும் ஆவியே மூடியோடு அழுத்துவதைப் போல. பட்டையை வெறிகொண்டு இழுத்தால் மடிப்பு நசுங்கிச் சுருங்குகிறது. சுருக்கத்தின் வழியே புதிய கசிவு. அதை அடைக்க மறுபடி ஓர் இழுப்பு. தருக்க நூலார் அனவத்தை என்று அஞ்சிய முடிவற்ற ஓட்டம் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையிலேயே நிகழ்கிறது.

வரலாறும் நம் பக்கமே. சிட்னியில் 1980-இல் மருத்துவர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனரின் மோட்டாரைக் கொண்டு இச்சிகிச்சையைத் தொடங்கினார். மறு ஆண்டே லான்செட் இதழில் அது வெளியாயிற்று. அந்தத் தொடக்க ஆண்டுகளில் நோயாளியின் மூக்கை அச்செடுத்து, ஃபைபர்கிளாஸில் மாஸ்க் செய்து, இரவுதோறும் சிலிக்கோன் பசையால் மூக்கில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்தெடுத்தவர்களின் பொறுமையை ஒருபுறம் வைப்போம். கவனிக்க வேண்டியது, இழுத்துக் கட்டாமலே காற்று அடைபட்டது என்பது. பசையோடு பொருத்தமுமே காரணம். அப்பொருத்தத்தைக் கண்ணாடி முன் உட்கார்ந்து தேடுவதும் வீண். படுத்ததும் கன்னச் சதையும் தாடையும் இடம் மாறிவிடும். படுத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, மாஸ்க்கைச் சற்றே முன்னால் தூக்கி மெல்ல விட்டால் மடிப்பு உப்பி அமரும். அதன்பின் இருபுறமும் சமமாக, பட்டைக்கடியில் விரல் தாராளமாக நுழையுமளவு சரிசெய்தால் போதும்.

"இறுக்கியதும் உஸ்ஸென்ற ஒலி நின்றுவிடுகிறதே?" என்பர். அது காட்சிப் பிழை. ஒலி மூக்கோரத்திலிருந்து கண்ணோரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும்; காலையில் கண் சிவந்து சாட்சி சொல்லும். மேலும், எல்லா உஸ்ஸும் கசிவு அன்று. நாம் விடும் கரியமில வாயு வெளியேற மாஸ்க்கிலேயே சிறு துளைகள் இட்டிருக்கிறார்கள். அவற்றைப் பிளாஸ்திரி ஒட்டி அடைக்கும் அறிஞர்களிடம் மட்டும் இந்நூல் வேடிக்கை பேசாது: அடைக்கவே கூடாது. "புரண்டால் நழுவுகிறதே?" எனின், நழுவச் செய்வது தலையணை; பின்னின்று இழுப்பது குழாய். குழாயைத் தலைமாட்டில் உயரமாக மாட்டி, ஓரம் குழிந்த தலையணையில் படுத்தால் பாதி வழக்கு தள்ளுபடி. வாய் திறந்துகொள்பவருக்கு மூக்குப் பட்டையை இறுக்கி என்ன பயன்? மூக்கடைப்பு இருந்தால் மருத்துவரிடம் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அல்லது வாயையும் மூடும் பெரிய மாஸ்க் வேண்டும். அதன் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்றால் விசை 800 கிராம். ஆகவே அங்கே பட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டென்று இறுக்குவாதிக்கு ஒரு சலுகை தருகிறோம். மீசைக்காரர் வழக்கு கடினம். மயிருக்கும் சிலிக்கோனுக்கும் இடையே காற்று வழி கண்டுகொள்ளும். மீசையா மூச்சா என்று யாரையும் நெருக்க வேண்டியதில்லை. மூக்குத் துளைகளிலேயே பொருந்தும் நேசல் பில்லோ வகை பலருக்கு ஒத்துவரும்.

எஞ்சியது எண்ணெய்ப் பிசுக்கு. முகத்து எண்ணெய் படிந்த சிலிக்கோன் வழுக்கும், ஆகவே தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவ வேண்டும். தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் படுப்பவரின் பட்டை ஏறி இறங்கும். நாள்பட்டுத் தொய்ந்த பட்டையை மேன்மேலும் இழுப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவான வாதம். துவைக்கக் கழற்றுமுன் வெல்க்ரோ ஒட்டியிருந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். இல்லையேல் அன்றிரவே பழைய அளவு மறந்து, நம் கட்சிக்காரரே மீண்டும் பரபக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்.