அடைமழைக் காதலர்

காதலர்களை வகைப்படுத்தப் புகும் எவரும் தவிர்க்க முடியாத வகையினர் சிலர் உண்டு; அறிமுகமான மூன்றாம் நாளே, 'உன்னைப் போல் ஒருத்தியை ஏழு பிறவியிலும் பார்த்ததில்லை' என்று, மற்ற ஆறு பிறவிகளின் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தவரைப் போல அறுதியிட்டுச் சொல்பவர் இவ்வகையைச் சேர்ந்தவர். காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வணக்கம், பதினொரு மணிக்கே 'சாப்ட்டியா?', அலுவலக வரவேற்பு மேசைக்கு ஆளுயரக் கரடி பொம்மை, இரண்டாம் வாரத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் என்று இவரது பாசம் அட்டவணை போட்டுப் பொழியும். அந்தக் கரடியை மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஏற்றி, 'இதுக்கும் டிக்கெட் எடுத்தியாம்மா?' என்ற கேள்விக்குச் சிரித்து மழுப்பி, தாம்பரம் வரை கொண்டு சேர்க்க வேண்டியவர் அந்தப் பெண்தான் என்பது அனுப்பியவரின் கவனத்துக்கு வருவதே இல்லை.

இவ்வாறு அன்பால் திக்குமுக்காட வைத்து ஒருவரைத் தம் பிடிக்குள் கொண்டுவரும் உத்தியே 'லவ் பாம்பிங்' எனப்படுகிறது. 1970களில் அமெரிக்காவில், சன் மியுங் மூனின் யூனிஃபிகேஷன் சர்ச், புதிதாக வந்தவர்களைப் பாராட்டாலும் அரவணைப்பாலும் சூழ்ந்து தன்பக்கம் இழுத்த முறைக்கே இப்பெயர் முதலில் வழங்கியது. அங்கே ஒரு கூட்டமே சேர்ந்து செய்த வேலையை நம் காதலர் தனியாளாகவே பார்த்துவிடுகிறார்.

'கொஞ்சம் நிதானமாப் போகலாமே' என்று அந்தப் பெண் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நீல டிக் விழுந்தும் பதில் வராது, கரடியின் விலை நினைவூட்டப்படும், தோழியரோடு படம் பார்த்தது துரோகமாகிவிடும், நான்காம் நாள் மறுபடியும் பூங்கொத்து வரும். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பரிசு விடாப்பிடியான பழக்கத்தை உண்டாக்குவதை உளவியலார் 'இடைவிட்ட வலுவூட்டல்' என்பர். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் நூலாக வெளியிட்ட சோதனைகளில், கொத்தும்போது சில வேளைகளில் மட்டுமே தானியம் பெற்றுப் பழகிய புறாக்கள், தானியம் அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தன. ஆகவே, பிரிந்த பின்னும் கைப்பேசியை எடுத்தெடுத்துப் பார்க்கும் பெண்ணை அசடு என்று ஏசுவது அநியாயம்.

மீள்வதற்கு முதல் வழி தொடர்பை அறவே துண்டிப்பது. கரடியைத் திருப்பிக் கொடுக்கவும் நேரில் போகக் கூடாது, அது அடுத்த சந்திப்புக்கான அழைப்பிதழாகிவிடும். நினைவு இனித்ததை மட்டுமே பத்திரப்படுத்தும் என்பதால், ஏச்சு வாங்கிய நாள்களைத் தேதியிட்டு எழுதிவைப்பதும், ஒதுக்கிவைத்திருந்த தோழியரிடம் கூச்சப்படாமல் திரும்பிப் போவதும் பெரிதும் உதவும். மிரட்டல் தொடங்கினால் தயங்காமல் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எல்லா வழிகளும் அடைபட்ட பின்னும், 'ஒரு தடவை பேசு' என்ற குறிப்போடு ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்புபவர் இவ்வகையினருள் உண்டு. அந்தச் செயலியிலும் ஒருவரைத் தடுத்துவைக்கும் வசதி இருக்கிறது.