முகத்தைப் பாத்துச் சொல்லு

மரக்காணத்தில் நான் பையனாக இருந்தபோது சேவலுக்கு முன்னால் ஆயில் எஞ்சின் எழுந்துவிடும். உப்பளத்துக்கு உவர்நீர் ஏற்றுகிற அந்த எஞ்சினுக்கு அப்பாதான் ஆள். பள்ளிக்கூட லீவில் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிவிடுவது என் வேலை. கிளம்பியதும் அங்கேயே கொட்டகைக்குள் சாக்கை விரித்துப் படுத்து, அந்த டப்டப் தாளத்திலேயே தூங்கிப்போவேன். அப்படியொரு தூக்கம் பிறகு எந்த மெத்தையிலும் வாய்க்கவில்லை. அந்தத் தூக்கத்துக்கு என் காது அன்றைக்கே விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை, அறுபத்தாறாவது வயதில், புதுச்சேரியில் காதுச் சோதனைக்காகக் கதவடைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கும். நெல் மிஷினோ, தறியோ, பஞ்சாலையோ. யார் காதைப் பொத்திக்கொண்டோம்? எட்டு மணி நேரம் தொடர்ந்து கேட்பதற்கு 85 டெசிபல்தான் எல்லை என்று இப்போது சொல்கிறார்கள். உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட குழலுக்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன, செத்தால் மறுபடி முளைக்காது, கீச்சென்ற மெல்லிய ஒலிகளை வாங்குகிறவைதான் முதலில் போகும் என்று அங்கே காதைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் பெண் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். என் கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமில் கோடு இடப்பக்கம், கனத்த ஒலிகளில், நல்லபடியாக நடந்து, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றுப் படியில் இறங்குவதுபோல இறங்கிவிட்டது. "உங்களுக்குச் சத்தம் கேக்குது சார், சொல்லுதான் கேக்கலை" என்றாள். பத்து வருஷமாக வீட்டில் நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

அது எவ்வளவு உண்மை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான்கு வயதுப் பேத்தி ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து "பசிக்குது தாத்தா" என்றிருக்கிறாள். என் காதில் விழுந்தது "படிக்குது". 'சி' என்னும் அந்த மெல்லிய எழுத்து என் கோட்டின் பள்ளத்தில் விழுந்துவிட்டது. "படி, படி கண்ணு" என்று தலையைத் தடவிவிட்டு நாளிதழுக்குத் திரும்பிவிட்டேன். குழந்தை இன்னொரு தரம் சொல்லவில்லை. பாட்டி வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். சாயங்காலம் மனைவி அதைச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புதுச்சேரி கிளம்பினேன்.

பஸ்ஸில் பெரியப்பா நினைவுதான் வழி நெடுக. அவருக்கும் இதே கதை. எண்பதுகளில் ஒரு முகாமில் கொடுத்த காது மிஷினைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் கழுத்தைச் சுற்றிக் காதுக்குப் போகும். சட்டை உரசுவதும் அவருக்குச் சத்தம், காற்றும் சத்தம். நான் அப்போது புதிதாக வாத்தியார் வேலைக்குப் போன இளவட்டம். உரக்கப் பேசினால் கேட்கும் என்ற ஒரே சூத்திரம் தெரிந்தவன். கத்துவேன். அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "கத்தாதடா, முகத்தைப் பாத்துச் சொல்லு" என்பார். அதைப் பெரியவரின் பிடிவாதம் என்று நினைத்தேன். கத்தும்போது சத்தம்தான் பெருக்கிறது, எழுத்து தெளிவதில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் பாதியை உதடு சொல்லிவிடும். ஆடியாலஜிஸ்ட் என் மனைவியிடமும் மகனிடமும் அதைத்தான் அச்சுப் பிசகாமல் சொன்னாள். பெரியப்பா இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பெரியப்பாவின் அந்தப் பெட்டியை நினைத்தால் இன்னொரு பெட்டியும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து உப்பளக் கொட்டகையில் டிரான்சிஸ்டர் ஒன்று தொங்கும், கடல் தாண்டி இலங்கை வானொலி தெளிவாக வரும், அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் எங்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி. ரேடியோவுக்காகவே பிறந்த பொருள் டிரான்சிஸ்டர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் பொருள் அமெரிக்காவில் 1952 கடைசியில் விற்பனைக்கு வந்த காது மிஷின்தானாம். ரேடியோ வந்தது 1954-ல். கேட்காதவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் கேட்கிறவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சின்னப் பொருள்மேல் எனக்குத் தனி மரியாதை.

காது மிஷினைத் தேர்ந்தெடுப்பது ஒரு பெண் பார்க்கும் படலம்தான். காதுக்குள்ளேயே மறைந்துவிடும் கடலைமிட்டாய்த் துணுக்கு அளவுள்ளது ஒன்று, காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய குழாயை உள்ளே அனுப்புவது ஒன்று. யார் கண்ணிலும் படாததைக் கேட்டேன். ஆடியாலஜிஸ்ட் என் ஊரைக் கேட்டாள், கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தாள். "உப்புக் காத்து, வேர்வை, குட்டி பேட்டரி, காதுக்குப் பின்னாடி வைக்கிறதே உங்களுக்கு நல்லது சார்" என்றாள். ஒன்று போதாதா என்றதற்கு, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும் என்றாள். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து உப்பளத்துக்குப் போகிறவன் அதற்குமேல் பேச முடியாது. விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களுக்குப் போகிறது. என் ஓய்வூதியம் நடுவில் ஓரிடத்தில் நின்றது. முடியாதவர்களுக்கு 1981 முதல் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டம் இருக்கிறது, மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் கொடுக்கிறது. எங்கள் உப்பளத்தில் எஞ்சின் பக்கம் நின்ற எத்தனையோ பேருக்கு இது தெரியாது, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போட்ட முதல் நாள் என் குரலே எனக்கு அண்டாவுக்குள்ளிருந்து வந்தது. நாளிதழைப் புரட்டினால் ஓலை கிழிகிற சத்தம். செருப்பு, சாவிக்கொத்து, பாத்திரம், எல்லாம் ஒரே நேரத்தில் முன்வரிசைக்கு வந்து நின்றன. மூளை இவற்றை மறந்துபோயிருக்கிறது, மறுபடி பழகச் சில வாரம் ஆகும், தினம் இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் தொடங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தினம் தலையங்கத்தை உரக்க வாசித்தேன். பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் சொருகக் கூடாது, காற்றுப்பட ஒரு நிமிஷம் வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷக் காத்திருப்பு எனக்குப் பிடித்துப்போனது. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்து மூடும்போதெல்லாம் அம்மாவின் உப்பு ஜாடி நினைவுக்கு வரும்; மழைக்காலத்தில் உப்பு கசியாமலிருக்க அடியில் ஒரு பிடி அரிசி போடுவாள்.

மூன்றாம் வாரம் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனேன். நீண்ட மூங்கில் கழியில் பலகை கட்டி உப்பை வாருகிறார்கள். பாத்தியின் தரையோடு பலகை உரச, புதிதாகப் பூத்த உப்பு நொறுங்கி நகர்கிற அந்தச் சரசரப்பு, கொலுசை மெதுவாகத் தரையில் இழுப்பதுபோல, வாரி ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் கனத்து, பலகை தூக்கும்போது சட்டென்று நின்று, மறுபடி. வரப்பில் நின்று எவ்வளவு நேரம் கேட்டேனோ தெரியாது. நெடுங்கால் உள்ளான் ஒன்று கிக்கிக் என்று திட்டிக்கொண்டே பறந்தது. அதுவும் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பக்கத்துக் கழுவேலி ஈரநிலத்தை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் தெருவில் "உப்போ… உப்பு" என்று படியோடு போகிற குரலைத் தேடினேன், அது இல்லை. 2006-ல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென்று விற்கத் தடை வந்தது. கழலை நோயைத் தடுக்க அயோடின் வேண்டியதுதான், நானே வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். உப்பு விளைகிற ஊரில் நாங்கள் பாக்கெட் உப்பு வாங்குகிறோம். எந்த மிஷினாலும் அந்தக் குரலைத் திருப்பித் தர முடியாது. நல்ல காது இருந்த நாளில் அதை நின்று கேட்டவனில்லை நான்.

கடலையும் அப்படி நின்று கேட்டதில்லை. இத்தனை வருஷமும் எனக்குக் கடல் வெறும் 'கும்'தான். இப்போது அலை உடைந்த பிறகு, நுரை மணலில் வற்றிக்கொண்டே திரும்புகிற அந்த 'ஸ்ஸ்' கேட்கிறது. மனைவியிடம் சொன்னேன். "அது என்னைக்கும்தான் கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பேத்தி, எனக்குக் கேட்காத நாட்களில் யாரோ சொல்லிக் கொடுத்தபடி, என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசுவாள். இப்போதும் அப்படியே செய்கிறாள். அவள் முற்றத்திலிருந்து முணுமுணுத்தாலே எனக்குக் கேட்கிறது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.