ஏழரை சதவீதம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் விலை தெரியாத பொருள் என்று ஒன்று கிடையாது. கள்ளு என்ன விலை, காங்கயத்தில் தேங்காய் என்ன விலை, பொள்ளாச்சிச் சந்தையில் கன்றுக்குட்டி என்ன விலை என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வீட்டோடு ஒரு அறையும் பாத்ரூமும் சேர்த்துக் கட்டுவதற்கு ஆர்க்கிடெக்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டபோதுதான் ஊர் திகைத்தது. திகைப்பு தீர்ந்ததும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “அதுக்கெதுக்குங்க ஆர்க்கிடெக்ட்டு?”

அம்மாவின் முழங்கால்தான் காரணம். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் கழிப்பறை கொல்லைக் கடைசியில், தென்னைக்கும் அந்தப் பக்கம். எழுபதைத் தாண்டியவரை ராத்திரி மழையில் அங்கே நடக்கவிட முடியாது. மேஸ்திரியை வைத்தே கட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். என் மனைவி பக்கத்துத் தெருவில் மேஸ்திரியே யோசித்துக் கட்டிய ஒரு வீட்டைக் காட்டினாள். அங்கே பூஜை அறைக்குப் போக வேண்டுமானால் பாத்ரூம் வழியாகத்தான் போக வேண்டும். பக்திக்கு முன் சுத்தம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

பாலக்காட்டிலிருந்து ஆர்க்கிடெக்ட்டான ஒரு இளம்பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். சில நாளில் கடிதம் வந்தது. 400 சதுரடி, சதுரடிக்கு 2,200 ரூபாய் வீதம் உத்தேசச் செலவு 8,80,000. கட்டணம் அதில் ஏழரை சதவீதம், அதாவது 66,000. அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி, 11,880. ஆக மொத்தம் 77,880. இருக்கிற வீட்டை அளந்து வரைவதற்குத் தனியாக ஒரு 6,000.

நான் சத்தமாகப் படித்தேன். அம்மாவின் காதில் விழுந்தது ஒரு சொல்தான். “ஏழரையா? ஏண்டா சாமி, எனக்கு இப்பத்தான் முடிஞ்சுதுன்னு ஜோசியர் சொன்னாரு. மறுபடியுமா?”

இந்த ஏழரை அந்தப் பெண்ணின் ஜாதகத்தில் இருந்து வந்ததல்ல. ஆர்க்கிடெக்ட்டுகளுக்கென்று 1972இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி டெல்லியில் ஒரு கவுன்சில் இருக்கிறது. அது வெளியிட்ட கட்டண அட்டவணையில் தனி வீட்டுக்கு நெடுங்காலமாக இருந்த விகிதம் இதுதான். ஆனால் டெல்லியில் அட்டவணை இருக்கிறது என்பதால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு விலை நியாயமாகிவிடுமா என்றார் மாமனார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அட்டவணைகளோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர். சொல்லும் தகுதி அவருக்கு உண்டு.

“மாப்ள, கோபாலபுரத்துல நம்ம பையன் ஒருத்தன் காண்ட்ராக்ட் எடுக்கறான். பிளான் ஃப்ரீ. ஒத்தப் பைசா வேண்டாங்கறான்.”

ஃப்ரீ என்ற சொல்லுக்குக் கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே மரியாதை. அந்தப் பையனை வரச் சொன்னோம். பிளான் இலவசம்தான். கட்டுமான ரேட் சதுரடிக்கு 2,450. மற்ற மேஸ்திரிகள் சொன்னதைவிட 250 ரூபாய் கூடுதல். 400 சதுரடிக்கு அது ஒரு லட்சம். ஒரு லட்ச ரூபாய்க்கு இலவசமாகக் கிடைத்த அந்தப் பிளானில் வடக்கு எது என்ற அம்புக்குறி இல்லை. கேட்டதற்கு, “நீங்க எந்தப் பக்கம் சொல்றீங்களோ அந்தப் பக்கம் வெச்சுக்கலாங்க” என்றான்.

மாமா அசரவில்லை. பேத்தியின் கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாளைக் கிழித்துக்கொண்டு தானே வரைய உட்கார்ந்தார். அது சட்டப்படி சரியா என்று தேடிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கவுன்சிலில் பதிவு செய்யாதவர்கள் ஆர்க்கிடெக்ட் என்று பட்டம் போட்டுக்கொள்ளத்தான் கூடாது, அந்த வேலையைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. இதை நான் மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இதற்கு நடுவே ஆசாரி வந்தார். பாலக்காட்டில் அறை கட்டுவதை ஆசாரியிடம் மறைக்க முடியாது. கோல் கணக்கில்தான் அவர் பேசுவார். 24 விரல் ஒரு கோல், நம் கணக்கில் 72 சென்டிமீட்டர். சுற்றளவைப் பெருக்கி, வகுத்து, மீதியைப் பார்த்து வீட்டின் ஆயத்தையும் வியயத்தையும் சொல்வார். வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். வீடு கட்டுகிறவனின் வரவு செலவைப் பற்றிச் சாஸ்திரம் கேட்பதில்லை. கட்டணம் எவ்வளவு என்றேன். “தோன்றியது கொடுத்தால் போதும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

உலகத்திலேயே கணக்கிடக் கடினமான கட்டணம் இதுதான். முளையடிக்கிற குற்றியடிக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு தட்சிணை, வாசல்நிலை வைக்கும்போது வேட்டியோடு ஒரு தட்சிணை, வார்ப்பு அன்று ஒன்று, பால் காய்ச்சும்போது ஒன்று. ஒவ்வொரு முறையும் நமக்கு என்ன தோன்றுகிறது என்பதை அவர் முகம் சொல்லிவிடும். அதற்கு ஏழரை சதவீதம் எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் எழுதியாவது தருகிறார்கள்.

சதவீதத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதை எனக்குக் காட்டியவர் மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கும் பெரியப்பா மகன். பள்ளிவாசல், சின்னக்கானல், பைசன்வாலி என்று மூணாறு சுற்றுவட்டத்தில் சில வில்லேஜ்களில் கட்டடம் கட்ட வருவாய்த்துறையின் என்ஓசி வேண்டும். அண்ணன் இரண்டு அறை சேர்க்கப் போனார். அவருடைய சரிவில் முதலில் தாங்குசுவர் கட்டியாக வேண்டும். அறைகளைவிடச் சுவருக்குச் செலவு அதிகம்.

“தம்பி, சொவத்துக்கும் சதவீதம் போட்டாங்கப்பா,” என்றார் போனில். “அவரு வரைஞ்சது ரெண்டு ரூமு. மண்ணு சரியாம நிக்கிறதுக்கும் நான் பீஸ் குடுக்குறேன்.”

“என்ஓசி யார் வாங்குவா?”

“அது நாந்தான். அதுக்குச் சதவீதமே இல்ல, செருப்பு தேயுறதுதான் கணக்கு.”

ஆக, விகிதத்தைப் பற்றிப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை, எதன்மேல் விகிதம் என்று கேட்க வேண்டும். தாங்குசுவர், கிணற்று மோட்டார், அலமாரி, டைல்ஸ் எல்லாம் ‘செலவு’க்குள் வருமா? நான் கிரானைட்டுக்கு ஆசைப்பட்டால் அந்தப் பெண்ணின் கட்டணம் ஏறுமா? ஏறும். செலவு கூடக் கூட ஆலோசகரின் வருமானமும் கூடுகிற ஏற்பாட்டில் சிக்கனம் பேசுகிறவருக்குத்தான் நஷ்டம்.

அப்படி நஷ்டப்படுவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் அண்ணன் இருக்கும் இதே இடுக்கி மலையில் இருந்திருக்கிறார். லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், 1960களில் வாகமண்ணில் டாக்டர் மனைவியோடு தங்கி ஆஸ்பத்திரி நடத்தி, பிறகு திருவனந்தபுரம் போய் 2007இல் இறக்கும்வரை அங்கே வீடு வீடாகக் கட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டு அடுக்குவார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், சுவருக்குள் இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். பூச்சு வேண்டாம், பழைய கதவு போதும் என்பார். ஏழரை சதவீதக் கணக்கில் இப்படி ஒவ்வொரு ‘வேண்டாம்’ சொல்லும்போதும் சொல்கிறவரின் பையிலிருந்துதான் போகும். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதை பேக்கர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டிலிருந்து ஐந்து மைல் கிழக்கே போனால் தமிழ்நாடு வந்துவிடும். காந்தி செக்போஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை மறுபடியும் வரச் சொன்னோம். கூட ஒரு பையன் டேப்பும் லேசர் கருவியுமாக வந்து பழைய வீட்டை மூலை மூலையாக அளந்தான். என் வீட்டை எனக்கே அளந்து காட்ட 6,000 ரூபாயா என்று எரிச்சலோடு நின்றேன். சமையலறை மூலை செங்கோணமாக இல்லை என்று அவன் சொன்னபோது எரிச்சல் வேறு பக்கம் திரும்பியது. தாத்தாவின் கொத்தனார் கள்ளுக்கடைக்குப் போகிற திசையைப் பார்த்தே அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறார். மாமாவின் கிராஃப் தாளில் புது அறையை நேராக ஒட்டியிருந்தால் வார்ப்பு வரும்போது ஒரு பக்கம் அரை அடி இடித்திருக்கும்.

மாமாவின் பிளானை மரியாதையாகத்தான் பார்த்தாள். பாத்ரூம் ஜன்னல் மேற்கே இருந்தது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று மாமாவிடமே கேட்டாள். மாமா உற்சாகமாக விளக்கினார். “அப்ப பாத்ரூம்ல புறப்பட்ட காத்து எங்க போகும் அங்கிள்?” என்றாள். அம்மாவின் கட்டிலுக்கு என்று மாமாவே சொல்ல வேண்டிவந்தது. பாத்ரூமை வடமேற்கு மூலைக்குக் கொண்டுபோய் ஜன்னலை வடக்கே திருப்பினாள். மேற்குச் சுவரில் பாதியைப் பாத்ரூம் எடுத்துக்கொண்டதால் ஏப்ரல் வெயில் அறைக்குள் நேராக இறங்காது. பலா மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கன்னிமூலையில் கக்கூஸ் வராததால் ஆசாரி, இதைத்தான் நான் முதலிலிருந்தே சொன்னேன் என்றார். அவர் சொல்லவில்லை.

பிறகு 400 சதுரடி எதற்கு என்று கேட்டாள். கட்டில், அலமாரி, நடைவண்டி திரும்ப இடம், அகலக் கதவு, எல்லாவற்றையும் அம்மாவை நடக்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தாள். 340 போதும். கட்டுமானத்தில் எனக்கு 1,32,000 மிச்சம். உத்தேசச் செலவு 7,48,000 ஆகி, அவள் கட்டணம் 56,100க்கு இறங்கியது. 9,900 ரூபாயைத் தன் சம்பளத்திலிருந்து தானே அடித்துவிட்டு, “டீ கிடைக்குமா ஆன்ட்டி?” என்று கேட்டவளிடம் அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவிக்கு வந்தது. சதவீதம் வேண்டாம், 56,000 என்று மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றாள். நான் கிரானைட் போட்டாலும் அதுதான், சிமெண்ட் பூசினாலும் அதுதான். அஸ்திவாரத்துக்கும் வார்ப்புக்கும் நேரில் வந்து நிற்க வேண்டும், கம்பி வரைபடம் இதில் அடக்கம், பஞ்சாயத்துப் பெர்மிட் வேலையும் அடக்கம், பணம் வேலை நகர நகரத் தவணையில். அந்தப் பெண் யோசித்துவிட்டு, அம்மா மனம் மாறி மறுபடி முதலிலிருந்து வரையச் சொன்னால் தனிக் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்தாள். எங்கள் குடும்பத்தை அவள் சரியாக அளந்திருந்தாள்.

பெர்மிட் கட்டணம் வேறு. கேரள அரசு அதை 2023 ஏப்ரலில் கடுமையாக ஏற்றியது. கூச்சல் கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் 60 சதவீதம் வரை இறக்கியது. இதைக் கேட்ட அம்மா, “அப்ப அந்தக் கண்ணும் கொஞ்ச நாள் கழிச்சு அறுபது குறைப்பாளா?” என்றார். சிறிய வீடுகளுக்கு இப்போது உரிமம் உள்ளவர் சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் பெர்மிட் கிடைக்கிறது. சான்று தப்பானால் பொறுப்பும் கையெழுத்துப் போட்டவருக்குத்தான். 56,000இல் எத்தனை ஆயிரம் அந்தக் கையெழுத்துக்கு என்று மாமா பிரித்துக் கேட்டார். ஆர்க்கிடெக்ட் சிரித்தாள், பிரித்துச் சொல்லவில்லை.

அஸ்திவாரம் முடிந்துவிட்டது. மேற்குச் சுவர் எலிப்பொறிக் கட்டு. மேஸ்திரிக்கு அதில் நம்பிக்கை இல்லை, எலி நிஜமாகவே குடிவரும் என்கிறார். மாமா தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். போன வாரம் வேலந்தாவளத்திலிருந்து அவருடைய சிநேகிதர் மாட்டுக்கொட்டகையைக் கார் ஷெட்டாக மாற்ற யோசனை கேட்டு வந்தார். மாமா கிராஃப் நோட்டைத் திறந்தார், வடக்கே ஒரு அம்புக்குறி போட்டார், மேல்காற்றைப் பற்றிக் கேட்டார். சிநேகிதர் தயங்கித் தயங்கி, பீஸ் எவ்வளவுங்க என்றார்.

“நான் ஆர்க்கிடெக்ட்டுன்னு சொல்லிக்கக் கூடாது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்குது,” என்றார் மாமா. “அதனால பாதிதான். மூணே முக்கால்.”