கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்

அக்கா பையன் மறுபடியும் ஓடப்போகிறான். விடியற்காலை நாலே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் சேதி. "மாமா, ஜனவரில ஃபுல் மாரத்தான். வீடில்லாதவங்களுக்காக ஓடறேன். கிலோமீட்டருக்கு நூறு ரூபா ஸ்பான்சர் பண்ணுங்க. 80ஜி வரிச்சலுகை உண்டு." கீழே ஒரு கும்பிடு, ஒரு ஓடும் பொம்மை, ஒரு வீட்டுப் பொம்மை. நான் பல் விளக்கி முடிப்பதற்குள் "ஜென்டில் ரிமைண்டர்" வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான். வேறு விளக்கம் தேவையில்லை.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 42க்கு 4,200 ரூபாய் சரி. மிச்சமுள்ள புள்ளி 195க்கு 19 ரூபாய் 50 காசு. ஐம்பது காசுக்கு எங்கே போவது? "முப்பதாவது கிலோமீட்டர்ல கால் பிடிச்சுக்கிட்டா மீதி திரும்பி வருமாடா?" என்று கேட்டேன். "மாமா, இது சாரிட்டி" என்றான், அடிபட்ட குரலில். சாரிட்டி என்றால் கிலோமீட்டர் எதற்கு? கிலோமீட்டர் என்றால் கணக்கு எங்கே?

ஒருவன் துன்பப்பட்டால்தான் இன்னொருவன் பையில் கைவிடுவான் என்பது இதன் சித்தாந்தம். சரி, துன்பமே படட்டும். அதை உபயோகமாகப் படக்கூடாதா? என்னிடம் விலைப்பட்டியல் தயார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில், பார்க்கிங் தகராறு முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் மணிக்கு 500. லிஃப்ட் நின்ற நாளில் கேஸ் சிலிண்டரை மேலே கொண்டுவந்தால் மாடிக்கு 200. கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் பாயசம் வராமலே எழுந்து, முகம் சுளிக்காமல் மொய் எழுதினால் 300. "சர்வர் டவுன்" என்று சொல்லும் ஜன்னலுக்கு வெளியே சிரித்த முகமாக நின்றால் நிமிஷத்துக்குப் பத்து. என் இனிஷியல் தப்பாக விழுந்த பட்டாவைத் திருத்தி வாங்கி வந்தால் 5,000. ஒரே நடையில் வாங்கி வந்தால் ஒரு லட்சம். இந்த ஒரு லட்சத்தைத் தைரியமாக அறிவிக்கிறேன், செலவாகாது. ஒன்றுவிட்ட சித்தப்பா பத்ரிநாத் போய்வந்த வீடியோவை ஓட்டிவிடாமல் முழுசாகப் பார்த்தால் 1,000, நடுவில் "அப்புறம்?" என்று ஆசையாகக் கேட்டால் மேற்கொண்டு 500. ரயிலில் கீழ் பர்த்தை விட்டுக்கொடுத்துவிட்டு, கொடுத்த கதையை இறங்கும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் 750. எங்கள் அக்காவிடம் இன்றைக்கு ரசம் சுமார்தான் என்று நேருக்கு நேர் சொன்னால்... வேண்டாம், அதற்கு விலை போட எனக்கே துணிச்சல் இல்லை.

இதில் ஒவ்வொன்றும் மாரத்தானைவிடக் கடினம். வழியில் தண்ணீர் நீட்ட ஆளில்லை, கைதட்டக் கூட்டமில்லை, முடிவில் மெடல் இல்லை. ஆகவே யாரும் செய்யமாட்டார்கள்.

எதற்காக இந்தப் பட்டியலை ஆரம்பித்தேன்? ஆம், வீடற்றவர்கள்.

ஓட்டத்துக்கும் வசூலுக்கும் உறவு பழையது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் டொராண்டோ பியெத்ரி என்ற இத்தாலியர் முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் திசை தெரியாமல் தள்ளாடி, மறுபடி மறுபடி விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைத் தாண்டவைத்தார்கள். உதவி பெற்றார் என்று தகுதிநீக்கமும் ஆயிற்று. பார்த்துக்கொண்டிருந்த ஆர்தர் கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர்தான், அவருக்காக 'டெய்லி மெயில்' பத்திரிகையில் நிதி திரட்ட ஆரம்பித்தார். ஊரில் ரொட்டிக்கடை வைக்கட்டும் என்று 300 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அப்போது விழுந்தவனுக்கு வசூல் செய்தார்கள். இப்போது விழுந்து கிடப்பவர்களுக்கு வசூல் செய்ய, இன்னொருவன் காசு கட்டிப் போய் விழவேண்டியிருக்கிறது.

நம்மிடமும் இதற்கு ஒரு முறை உண்டு. மஞ்சள் துணி கட்டி வாசலில் வந்து நிற்கும் மடிப்பிச்சை. எங்கள் பாட்டி ஒரு கைப்பிடி அரிசி போடுவாள். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதில்லை. வந்தவரும் "ஜென்டில் ரிமைண்டர்" அனுப்பியதில்லை. இரண்டாவது மாடி ஏறுவதற்குள் போனைப் பார்ப்பதுபோல் நின்று மூச்சு வாங்குகிற ஆள் நான், ஓடுகிறவனைப் பழிக்க எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் வயிறு எரிகிறது.

ஏனென்றால் சென்னையில் இந்த ஓட்டம் விடியற்காலை நாலு மணிக்கு நேப்பியர் பாலத்தருகே கிளம்பித் தெற்கே போகிறது. தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கும் வால்டாக்ஸ் சாலை அதற்கு எதிர்த்திசையில், சில கிலோமீட்டரில் இருக்கிறது. கல்யாணம், பிரசவம், பள்ளிப்பாடம், மழை எல்லாம் அவர்களுக்கு அங்கேயேதான். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தலைக்கு 50 சதுர அடி என்று அளவும் போட்டுக் கொடுத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர். வகுத்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். உத்தரவு இருக்கிறது, அளவு இருக்கிறது, செய்யவேண்டிய ஆள் யார் என்பதும் எழுதியே இருக்கிறது. அப்படியும் ஒரு குடும்பத்தின் தலைக்குமேல் கூரை வருவதற்கு எங்கள் அக்கா பையனின் முழங்கால் தாங்கவேண்டும் என்றால், இந்த ஏற்பாட்டை நான் மெச்சமாட்டேன்.

பணம் அனுப்பிவிட்டேன். 4,220 ரூபாய். ஐம்பது காசு பாக்கி திரும்பி வரவில்லை.

நீங்களும் அனுப்புங்கள், மறுக்கவில்லை. அனுப்பிய கையோடு, உங்கள் மண்டலத்தில் வீடற்றோர் காப்பகம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் தங்கலாம் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேளுங்கள். அதற்கு ஓடவேண்டாம், நடந்தே போகலாம். பனியன் தரமாட்டார்கள்.