கோணேசர் மலையடியில் இருவர்

நல்லது எது என்று சொல்வது கடவுளின் கட்டளையா, மனிதனின் அறிவா? (திருகோணமலைத் துறைமுக வாசகர்)

கோட்டைச் சுவரைக் கேளுங்கள்! 1622-இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைச் சமயத்தின் பெயரால் இடித்தார்கள். அந்தக் கற்களிலேயே கோட்டையும் எழுந்தது. கட்டளையிட்டது கடவுளா, கல் தேடிய தளபதியா?

எஞ்சியவை கடலுக்குள் கிடந்தன. 1956-இல் கோணேசர் மலையடியில் மூழ்கி அவற்றைக் கண்டு படம்பிடித்தவர்கள் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும். வில்சன் பின்னாளில் சுவாமி சிவகல்கி ஆனார். 2008-இல் மறைந்த கிளார்க்கோ, தன் இறுதி நிகழ்வில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்தவர்.

இடிந்த கோயிலை உலகுக்குக் காட்டும் நல்ல காரியத்துக்கு, சாமியாராகப் போகிறவரும் சடங்கே வேண்டாம் என்றவரும் ஒன்றாகத்தான் கடலில் குதித்தார்கள்.