லாட்ஜியல்: ஒரு முன்னாய்வு

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் அந்த நிறுவனத்தின் பெயரை எப்படி எழுதுவது? லாட்ஜ், லாட்ஜு, லாஜ், லாட்ஜிங் எனப் பாடபேதங்கள் பலகைதோறும் கிடைக்கின்றன. புள்ளி மழையில் கரைந்த ‘லாட்ஜ’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்பார் உளர். அது பெயின்டர் பாடம்; மூலபாடம் ஆகாது.

தொல்காப்பிய நெறிப்படி லகரம் மொழிக்கு முதலில் வராது. இலண்டனுக்குச் செய்த மரியாதையை இதற்கும் செய்து இகரம் சேர்க்க வேண்டும். வல்லின மெய் மொழிக்கு இறுதியில் நில்லாது, உகரம் தேவை. ஜகரம் கிரந்தம், சகரமாகட்டும். ஆக, திருந்திய வடிவம் ‘இலாட்சு’. டகர மெய்யை அடுத்துச் சகரம் வரலாமா என்று ஐயுறுவோர்க்கு ஆட்சி, காட்சி, கட்சி மூன்றும் சாட்சி, சாட்சியும் சாட்சி.

இத்தனை பாடும் எழுவாய்க்குத்தான். ‘லாட்ஜில்’, ‘லாட்ஜுக்கு’ என்று உருபு ஏறியதும் ஈற்றுச் சிக்கல் தானே தீர்ந்துவிடுகிறது. லாட்ஜை எழுவாயாக வைத்துப் பேசுவோர் அரியர். பெரும்பாலோர் ஏழாம் வேற்றுமையிலேயே தங்கி, காலையில் காலி செய்துவிடுகிறார்கள்.

இனிப் பொருள். இச்சொல் பழைய பிரெஞ்சில் தழைக்குடிலைக் குறித்தது. ஆங்கிலேயர் அதை வேட்டை மாளிகைக்கும், வாயிற்காவலர் வீட்டுக்கும், நீர்நாய் போன்ற பீவரின் கூட்டுக்கும் வைத்தார்கள். ‘லாபி’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்த பங்காளி. தமிழ்நாட்டு லாட்ஜில் லாபி இருப்பதில்லை என்பதைப் பங்காளிச் சண்டை என்றே கொள்ளலாம்.

பயணியின் படுக்கைக்கு இச்சொல் ஏன் வந்தது? எம் கருதுகோள்: இட்லியால். ‘ஓட்டல்’ என்ற சொல் பிற நாடுகளில் படுக்கையைக் குறிக்க, நாம் அதைச் சாம்பாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ஓட்டலுக்குப் போகிறேன் என்று புறப்பட்டவரின் கையில் பெட்டியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. படுக்கை பெயரின்றித் தவித்தபோது லாட்ஜ் ஏறிவந்தது. ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ பலகைகள், பிரிந்த இரண்டையும் சேர்த்துவைக்க எடுத்த முயற்சி.

சத்திரம் இருக்கையில் கடன் எதற்கு என்பார்க்கு விடை: சத்திரம் காலியாக இல்லை. வழிப்போக்கனுக்குச் சோறும் திண்ணையும் தந்த சொல், இன்று கல்யாணத்துக்கு முன்பதிவாகிவிட்டது. திருச்சியில் அது பேருந்து நிலையமாகவே மாறிவிட்டது. சாவடியையோ ஆங்கிலேயர் ‘சவுல்ட்ரி’ என்று சிதைத்துத் தங்கள் அகராதியில் ஏற்றிக்கொண்டார்கள். சாவடி போய் லாட்ஜ் வந்தது பண்டமாற்று. இதில் நமக்கு நட்டம் என்பதே எம் கட்சி. சாவடியில் யாரும் அட்வான்ஸ் கேட்டதில்லை.

திருவல்லிக்கேணி ‘மேன்ஷன்’ தனி நூலுக்குரியது. மாத வாடகை, கொடியில் ஈரத்துண்டு, வேலை தேடும் இளைஞர். இதற்கு மாளிகை என்று பெயரா என நகைப்போர் இலத்தீன் அறியாதார். ‘மன்சியோ’ என்பது ரோமானிய நெடுஞ்சாலைகளில் அரசு அலுவலாகச் செல்வோர் இரவு தங்கிய இடம். தங்குதல் என்ற வினையடியாகப் பிறந்தது. ஆக, இங்கிலாந்துப் பிரபுவின் அரண்மனைதான் பெயர்ப்பிழை. திருவல்லிக்கேணி மூலத்துக்கு நெருக்கமானது. அரசு அலுவல் என்ற கூறும் விட்டுப்போகவில்லை. அங்கே தங்கியவர்களில் பலர் அதற்கான தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துச் சிக்கலை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? புலவரைவிட மேலாளரே உரியவர் எனத் துணிந்து, ஒரு வரவேற்பு மேசையில் ‘இலாட்சு’ வடிவத்தை விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டு, பேரேட்டைத் திருப்பி வைத்தார்.

“ஆதார் ஜெராக்ஸ் இருக்கா சார்? எத்தனை பேரு?”